அலோர் ஸ்டாரில் பிறந்த வழக்கு

தில்லிச் செங்கோட்டையில் 1945 நவம்பர் 5ஆம் தேதி ஒரு வழக்கு தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரித்தது ராணுவ நீதிமன்றம். அந்த வழக்கைப் பற்றி இந்தியாவில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எங்கே பிறந்தது என்று கேட்டால் சிலர் சிங்கப்பூர் என்பார்கள், சிலர் நேதாஜி பெயரைச் சொல்வார்கள். அது பிறந்தது நம் கெடாவில். நேதாஜி சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1941 டிசம்பரில், ஜித்ராவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடைப்பட்ட ரப்பர் காட்டில் பிறந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். அதனால்தான் இந்தப் பிறந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

போருக்கு முன்னால், சுங்கை பட்டாணியில் இந்தியப் பட்டாளம் ஒன்று முகாமிட்டிருந்தது. 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் அது. சுற்றிலும் தோட்டங்கள்; தோட்டங்களில் நம்மவர்கள். சிப்பாய்கள் பஞ்சாபிகள், சீக்கியர்கள், முஸ்லிம்கள். தோட்டத்துத் தமிழருக்கும் அவர்களுக்கும் மொழி ஒட்டவில்லை. மேலே இருப்பவன் மட்டும் இருவருக்கும் ஒருவனே. தோட்டத்தில் அவன் தொரை, பட்டாளத்தில் அவன் கர்னல். இந்திய அதிகாரிகள் தோளில் பட்டை குத்தியிருந்தாலும், மலாயாவின் வெள்ளைக்காரக் கிளப்புகள் சிலவற்றின் வாசலைக்கூட அவர்களால் மிதிக்க முடியாது. அந்த மனக்குறை பட்டாளத்தில் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

அந்தப் பட்டாளத்தில் மோகன் சிங் என்றொரு கேப்டன் இருந்தார். சியால்கோட் பக்கத்து உகோகே கிராமத்தில் 1909இல் பிறந்தவர். 1927இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து அதிகாரி ஆனவர். செங்கோட்டையில் நின்ற மூவரில் ஷா நவாஸ், தில்லான் ஆகிய இருவரும் இதே பட்டாளத்தைச் சேர்ந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அதே நாளில் சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கினான். சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் அன்றே குண்டு விழுந்தது. சிங்கோராவிலிருந்து புறப்பட்ட சாலை நேரே கெடாவுக்குள்தான் வருகிறது. அதைத் தடுக்க ஜெனரல் முர்ரே லயனின் 11ஆவது இந்திய டிவிஷன் ஜித்ராவில் நின்றது. முதல் பட்டாளம் ஜித்ராவுக்கு முன்னால், ஆசூன் பக்கம் அனுப்பப்பட்டது. 11ஆம் தேதி மாலை கொட்டும் மழையில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு வந்து பட்டாளத்தைப் பிளந்துகொண்டு போயின. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் டாங்கியை அதற்கு முன்பு கண்ணால் பார்த்ததே இல்லை. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஜித்ராவில் மாதக்கணக்கில் நிற்கலாம் என்று நினைத்திருந்தார்கள். இரண்டு நாளுக்குள் விட்டுவிட்டு குருனுக்குப் பின்வாங்கினார்கள். 15ஆம் தேதி குருனும் போயிற்று.

படை பின்வாங்கியதோடு நிர்வாகமும் கிளம்பிவிட்டது. தோட்டத் துரைமார் காரில் ஏறித் தெற்கே போனார்கள். பினாங்கில் இது இன்னும் கேவலமாக நடந்தது. வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, மற்றவர்களை ஜப்பான்காரனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கெடாவில் சுல்தான் அப்துல் ஹமீதையும் பினாங்குக்கு அழைத்துப்போக ஏற்பாடு நடந்தது. அப்போது கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் சுல்தானின் மகன் துங்கு அப்துல் ரஹ்மான். ஆள்பவர் குடிமக்களை விட்டுப் போகக் கூடாது என்று அவர் தந்தையின் காரைத் திருப்பிக் கூலிமுக்கும், பிறகு சிடிம் பள்ளத்தாக்குக்கும் கொண்டுபோனார். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரானவர் அன்று செய்த காரியம் இது. சட்டம் படித்து முடித்து வழக்கறிஞராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் ஒரு சட்டக் கேள்விக்குத் தன் வழியில் பதில் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. குடிகளைக் காக்காமல் ஓடும் அரசுக்குக் குடிகள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? செங்கோட்டை வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

மோகன் சிங்கும் இன்னும் சிலரும் காட்டிலும் சேற்றிலும் திரிந்தார்கள். அவர்களோடு கேப்டன் முகமது அக்ரமும், காயம்பட்ட கர்னல் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் இருந்தார்கள். அலோர் ஸ்டார் அதற்குள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. 15ஆம் தேதி ஒரு கார் அவர்களைத் தேடி வந்தது. காரில் பறந்தது இந்திய தேசியக் கொடி. வந்தவர் மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி, ஜப்பானிய உளவு அதிகாரி. எஃப் கிக்கான் என்ற சிறு அமைப்பின் தலைவர். அவருடைய ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூடவே பாங்காக்கிலிருந்து வந்த ஞானி பிரீதம் சிங் இருந்தார். துப்பாக்கியை நீட்டவில்லை, கையை நீட்டினார்கள். பட்டாளத்தின் மிச்சம் அங்கே சரணடைந்தது.

அடுத்து நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். வழக்கின் விதை அதில்தான் இருக்கிறது.

அலோர் ஸ்டாரில் அப்போது அரசாங்கம் என்று ஒன்று இல்லை. போலீஸ் இல்லை. ஜாஹிர் பள்ளிவாசலுக்கும் பலாய் பெசாருக்கும் பக்கத்தில் இருந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தில் வழக்குக் கேட்க நீதிபதி இல்லை. கடைகளை உடைத்துக் கொள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். ஃபுஜிவாரா ஓர் ஆச்சரியமான முடிவெடுத்தார். நகரத்தின் ஒழுங்கை மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். சேறு காயாத சீருடையோடு, முந்தைய நாள்வரை எதிரியாக இருந்தவர், அன்றைக்குக் கைதி. அந்தக் கைதியின் சிப்பாய்கள் தெருவில் இறங்கினார்கள், கொள்ளை அடங்கியது. ஊரை யார் காப்பது, யார் பிடிப்பது, யார் தீர்ப்புச் சொல்வது என்ற அதிகாரம் இரண்டு மூன்று நாளில் இரண்டு கைமாறி, கடைசியில் தோற்றுப்போன ஒரு கேப்டனிடம் வந்து நின்றது. ராணுவம் ஆளும் இடத்தில் சட்டம் எவ்வளவு எளிதாக இடம் மாறிவிடும் என்பதை அலோர் ஸ்டார் அந்த வாரத்தில் பார்த்தது.

இன்னொரு சிறிய சம்பவமும் உண்டு. அதை ஃபுஜிவாராவே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அலோர் ஸ்டாரில் ஒரு நாள் பகலில், இந்தியச் சிப்பாய்கள் சமைத்த சாப்பாட்டை ஜப்பானிய அதிகாரிகள் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். காரம் பழக்கமில்லை, கையால் உண்ணவும் பழக்கமில்லை, ஆனாலும் சாப்பிட்டார்கள். மோகன் சிங் நெகிழ்ந்துபோனார். இத்தனை வருடம் சேவை செய்தும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருநாளும் சிப்பாயோடு இப்படி உட்கார்ந்ததில்லை என்றார். இதில் ஃபுஜிவாராவின் கணக்கும் இருந்தது, சந்தேகமில்லை. அவர் உளவு அதிகாரி. ஆனால் எச்சில் கையோடு பக்கத்தில் உட்காரும் மனிதனைக் காண ஒருவர் பதினான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியது காக்க வைத்த பேரரசுதான்.

பேச்சு நாள்கணக்கில் நடந்தது. ஜப்பானியத் தளபதி யமாஷிதாவையும் மோகன் சிங் அலோர் ஸ்டாரில் சந்தித்தார். மோகன் சிங் எளிதில் மசியவில்லை. அவர் உறுதிமொழி எடுத்த ராணுவ அதிகாரி. பேரரசரின் உப்பைத் தின்றவன் என்ற எண்ணம் அவருடைய பரம்பரையில் ஊறியது. அதை முறித்தால் தான் யார் என்ற கேள்வி அவரை வாட்டியது. டிசம்பர் முடிவதற்குள், தைப்பிங்கில் வைத்து முடிவெடுத்தார். கைதான இந்தியச் சிப்பாய்களைக் கொண்டே இந்திய விடுதலைக்கு ஒரு படை திரட்டுவது என்று. இந்திய தேசிய ராணுவம் என்ற ஐஎன்ஏவுக்கு முதல் வித்து விழுந்தது அங்கே.

ஒன்றை மறைக்கக் கூடாது. நம்மவருக்குக் கை நீட்டிய அதே ஜப்பானிய ராணுவம், அடுத்த சில மாதங்களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. அலோர் ஸ்டார் சாப்பாட்டைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளைத் திரட்டினார்கள். கர்னல் ஹண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாக அறிவித்துவிட்டுப் போனார். ஃபுஜிவாரா அவர்களை மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். நடந்தது ஒரு கையளிப்புச் சடங்குதான். ஆனால் பின்னாளில் வழக்கறிஞர்கள் அதைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மார்ச்சில் டோக்கியோ மாநாட்டுக்குப் போன விமானம் விழுந்து ஞானி பிரீதம் சிங், கேப்டன் அக்ரம், சுவாமி சத்யானந்த புரி, நீலகண்ட ஐயர் ஆகிய நால்வரும் இறந்தார்கள். கெடாவில் தொடங்கியவர்களில் இருவர் அதோடு போனார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி படை முறையாக அமைந்தது. ஜப்பானியர் தங்களைப் பொம்மையாக வைத்திருக்கிறார்கள் என்று மோகன் சிங் சண்டை பிடிக்க, டிசம்பரில் அவரையே பிடித்துச் சிறை வைத்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி வந்து தலைமை ஏற்ற பிறகுதான் படைக்கு மறுபடி உயிர் வந்தது.

இதற்கிடையில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது?

ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டி யாருக்குக் கொடுப்பது? கிராணிக்கும் தண்டலுக்கும் வேலையில்லை. பால்மரத்துக்கு இடையே மரவள்ளி நட்டு அதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்தது. பிறகு ஜப்பானியர் தாங்கள் போட்ட சயாம் ரயில்வேக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். சில மாத வேலை, நாள் கூலி, சாப்பாடு இலவசம் என்றார்கள். யாரும் நம்பாத நிலை வந்ததும் லயத்தில் புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டார்கள். தெற்கே எந்தத் தோட்டத்தில் ஆள் பிடித்தாலும், ரயில் சுங்கை பட்டாணியையும் அலோர் ஸ்டாரையும் தாண்டித்தான் பாடாங் பெசார் வழியாகப் பான் போங்குக்குப் போக வேண்டும். கெடா தன் பிள்ளைகளை மட்டும் இழக்கவில்லை, எல்லாருடைய பிள்ளைகளும் தன் வழியாகப் போவதையும் பார்த்தது.

அந்த 1943 அக்டோபரில் இன்னொரு மாற்றமும் நடந்தது. கெடாவையும் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவையும் ஜப்பான் சயாமுக்குக் கொடுத்தது. 18ஆம் தேதி கெடா, சைபுரி என்ற பெயரில் சயாம் ராணுவத்தின் கீழ் போனது. 1909வரை சயாமின் மேலாண்மையில் இருந்த நாடு திரும்பவும் அங்கேயே. மூன்றாம் நாள், 21ஆம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த அரசை அங்கீகரித்த ஒன்பது நாடுகளில் சயாமும் ஒன்று. கெடாவின் தோட்டத்துத் தமிழன் அந்த வாரத்தில் எந்த அரசின் குடி? அவனை விட்டுவிட்டுப் போன பிரிட்டிஷ் அரசின் குடியா, ஆளும் சயாமின் குடியா, சிறையும் ரயிலும் கையில் வைத்திருந்த ஜப்பானின் குடியா, அவனிடம் நகையும் நிதியும் கேட்ட சுதந்திர அரசின் குடியா? எந்த நீதிமன்றமும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை.

அவனே பதில் சொன்னான். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஐஎன்ஏவில் சேர்ந்தார்கள். ரயில்வேக்குப் போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்கள் உண்டு, பசிக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. அதைச் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறவர்களை நான் ஏற்க மாட்டேன். கூலி என்றே அழைக்கப்பட்டவன் அங்கே ஜவான் ஆனான். தமிழ்ப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் கழற்றிக் கொடுத்த அம்மாக்கள் இருந்தார்கள், தாலியையும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பசி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் யாரும் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி செங்கோட்டை.

அது ராணுவ நீதிமன்றம். தலைவர் மேஜர் ஜெனரல் பிளாக்ஸ்லாண்ட். அவரோடு சேர்த்து ஏழு அதிகாரிகள், மூவர் இந்தியர். சட்டம் எடுத்துச்சொல்ல ஜட்ஜ் அட்வகேட் என்ற பதவியில் கர்னல் கெரின். ஒரு ராணுவம் தன் பழைய அதிகாரிகளைத் தானே விசாரிக்கும் மன்றம். எதிரே குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் உட்கார்ந்திருந்த வழக்கறிஞர்களைப் பார்த்தால், உண்மையான நீதிபதிகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். பக்ஷி சர் டேக் சந்த், கன்வர் சர் தலீப் சிங் இருவரும் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக இருந்தவர்கள். தேஜ் பகதூர் சப்ரு, காட்ஜு, ஆசப் அலி உடன் இருந்தார்கள். ஜவஹர்லால் நேரு பல ஆண்டுகளுக்குப் பிறகு வக்கீல் கவுன் அணிந்து வந்தார். வாதத்தை நடத்தியவர் பம்பாயின் பூலாபாய் தேசாய்.

குற்றம் சாட்டப்பட்ட சேகலின் தந்தை அச்ரு ராம், லாகூர் சட்ட உலகில் பெயர்பெற்றவர். அவர் வாழ்க்கையை நினைத்தால் எனக்கு மலைப்பு. 1945இல் அவர் மகன் ராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனைக்கு உரிய குற்றச்சாட்டில் நிற்கிறான். 1949இல் அவரே நீதிபதியாக, சிம்லாவில் காந்தி கொலை வழக்கின் மேல்முறையீட்டைக் கேட்ட மூவரில் ஒருவர். தண்டனையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த மனிதர். அவர் மருமகளாக 1947 மார்ச்சில் லாகூருக்கு வந்தவர் நம் கேப்டன் லட்சுமி. சென்னையின் வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள்.

போர் தொடுத்த குற்றத்தோடு, கொலை, கொலைக்கு உடந்தை என்ற குற்றங்களும் இருந்தன. படையை விட்டு ஓட முயன்றவர்களை ஐஎன்ஏ விசாரித்துச் சுட்டது என்பது அதன் அடிப்படை. ஷா நவாஸ் மீதான குற்றச்சாட்டு, 1945 மார்ச்சில் பர்மாவின் போப்பா மலைப் பக்கம் முகமது உசேன் என்பவர் சுடப்பட்டது பற்றியது. அரசுத் தரப்பின் முதல் சாட்சி லெப்டினன்ட் நாக், ஐஎன்ஏவின் சொந்தச் சட்டத்தை எழுதியதில் பங்குகொண்டவர். அந்தச் சட்டப் புத்தகமே நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒரு ராணுவ நீதிமன்றம் இன்னொரு ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கொலை என்று தீர்ப்பளிக்கலாமா? அது கொலை என்றால், இந்த மன்றம் விதிக்கும் மரணத்துக்கு என்ன பெயர்? வழக்கின் உயிர்நாடி இங்கே இருந்தது. அலோர் ஸ்டார் தெருவில் மோகன் சிங் கையில் வந்து விழுந்த கேள்வி, நான்கு ஆண்டு நடந்து தில்லிக்கு வந்து சேர்ந்திருந்தது.

தேசாயின் வாதம் தெளிவானது. இவர்கள் தனியாள்களாகக் கலகம் செய்யவில்லை. ஒரு அரசின் ஒழுங்கான ராணுவமாகப் போரிட்டார்கள். அந்த அரசை நாடுகள் அங்கீகரித்தன, அதற்கு வங்கி இருந்தது, நிதி இருந்தது, சட்டம் இருந்தது. ஆகவே போரில் செய்ததைச் சொந்த நாட்டுக் குற்றச் சட்டத்தால் அளக்க முடியாது, சர்வதேசச் சட்டத்தால்தான் அளக்க வேண்டும். அடிமைப்பட்ட மக்களுக்கும் தங்கள் விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு. ஃபேரர் பார்க்கில் தங்களை ஒப்படைத்துவிட்டுப் போன அரசுக்கு அவர்கள் விசுவாசக் கடன் பட்டிருக்கவில்லை. இதை நிறுவ ஜப்பானிய அதிகாரிகளைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். தற்காலிக அரசின் அமைச்சர் எஸ். ஏ. ஐயரும், அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த கர்னல் லோகநாதனும் சாட்சி சொன்னார்கள், இருவரும் தமிழர்கள். அங்கே பேசப்பட்ட நிதியில் மலாயாத் தோட்டத்து நகையும் இருந்தது. தேசாய் உடல்நலம் குன்றியிருந்த நிலையில் இரண்டு நாள் தொடர்ந்து பேசினார். தீர்ப்பு வந்து நான்கு மாதத்தில், 1946 மே மாதம், இறந்துபோனார்.

அரசுத் தரப்பில் அட்வகேட் ஜெனரல் சர் நவுஷிர்வான் இஞ்சினியர், இந்த மன்றத்துக்கு இந்தியச் சட்டம்தான் சட்டம் என்று நின்றார். மன்றமும் அதையே ஏற்றது. போர் தொடுத்த குற்றம் மூவர் மீதும் நிரூபணமானது. கொலைக் குற்றத்தில் சேகலும் தில்லானும் விடுபட, ஷா நவாஸ் உடந்தை என்று தீர்ப்பானது. தண்டனை, ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். ஆனால் ஊர்கள் கொந்தளித்துக் கொண்டிருந்தன. கல்கத்தாவில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்திருந்தார்கள். 1946 ஜனவரி 3ஆம் தேதி தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை ரத்து செய்து, பதவிப் பறிப்போடு மூவரையும் விடுவித்தார். சட்டப்படி தோற்ற வழக்கு அது. அதே நாளில் மூவரும் கோட்டை வாசலைத் தாண்டி நடந்து வந்தார்கள்.

அந்த நாட்களில் மலாயாவிலும் ராணுவ ஆட்சிதான். 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் இறுதிவரை பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். நீதிமன்றங்களும் அதன் கீழ். சிலாங்கூரில் சூங் குவோங் என்ற இடதுசாரித் தலைவர் மிரட்டிப் பணம் பறித்தார் என்று அவரை விசாரித்தார்கள். மன்றத்தில் இருந்தவர்களுக்குள் ஒத்த கருத்து வராமல் இரண்டு தடவை விசாரணை முடியாது போனது. மூன்றாம் முறை மன்றத்தை வெள்ளைக்காரர்களைக் கொண்டே அமைத்து நான்கு ஆண்டு தண்டனை விதித்தார்கள். 1946 ஜனவரி 29ஆம் தேதி நாடெங்கும் பொது வேலைநிறுத்தம். சில நாளில் அவரையும் விடுவிக்க வேண்டியதாயிற்று. தில்லியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில், ஒரே அரசின் இரண்டு ராணுவ மன்றங்கள், மக்கள் ஏற்காத தீர்ப்பை விழுங்க வேண்டி வந்தது.

கெடாவுக்குத் திரும்பி வந்த ஐஎன்ஏ பிள்ளைகளுக்கு வரவேற்பு இருக்கவில்லை. தொரைமார் திரும்ப வந்துவிட்டார்கள். லயம் அதே லயம், கள்ளுக்கடை அதே கள்ளுக்கடை. கூலி மட்டும் விலைவாசிக்கு எட்டவில்லை. ஆனால் ஆட்கள் பழைய ஆட்கள் இல்லை. அணிவகுக்கத் தெரிந்தவர்கள், கட்டளைக்கு நிற்கத் தெரிந்தவர்கள், வெள்ளைக்காரன் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள். பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சீருடை, அணிவகுப்பு, ஒழுங்கு எல்லாம் ஐஎன்ஏ சாயலில். முதல் எதிரி, தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பள நாளில் கூலியை உறிஞ்சிக்கொண்டு குடும்பத்தைப் பட்டினி போட்ட கடை அது. படை தோட்டம் தோட்டமாகப் பரவியது. கூலிம் பக்கமும் போனது. பெண்கள் முன்னால் நின்றார்கள்.

1947 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் பாய்ந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பலரைக் கைது செய்து வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடே நடந்தது. இப்போது ராணுவ ஆட்சி இல்லை, முறையான சிவில் நீதிமன்றம். செங்கோட்டைக்கு வந்த பத்திரிகையாளர் கூட்டமும், கல்கத்தாவில் எழுந்த கொந்தளிப்பும் பீடோங்குக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்களில் பலர் அதில் பிடிபட்டார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாதாட ஒரு வழக்குகூட இருக்கவில்லை.